முதலில் யாரைக் கூப்பிடுவது

குஞ்சு பொரிப்பகத்தில் அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. கதவைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். நாலு அடி போவாள். சந்தேகம் வந்து திரும்பி இன்னொருமுறை இழுப்பாள். பூட்டுக்கே சலித்துப் போயிருக்கும் என்பாள் நாத்தனார். கணவனின் தங்கையான அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள், பிறந்த குஞ்சுகளைத் தரம் பிரிக்கும் மேசையில். கை ஒரு பக்கம் ஓடினால் வாய் அதைவிட வேகமாக ஓடும்.

பொரிப்பகம் பெரிதல்ல. சுண்ணாம்பு அடித்த நீளக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் இரண்டு அடைகாப்பு எந்திரங்கள் நின்றன. பீரோவை நாலு மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறைய முட்டைகள். பின்பக்கத்து விசிறி ஒன்று சூட்டை மேல்தட்டு கீழ்தட்டு என்று பாராமல் பங்கு பிரித்துக் கொடுக்கும். சூடு கொஞ்சம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. கோழி செய்கிற வேலையை எந்திரம் செய்தது. கோழிக்கு இருக்கிற கவலையை மனிதர்கள் பட்டார்கள்.

அந்தக் கவலையைப் போன வருஷம் வரை பட்டவன் அவள் கணவன். எந்திரங்களைப் பார்த்துக்கொண்டது அவன்தான். பேச்சின் நடுவில் சட்டென்று எழுந்து போவான். விசிறியின் சத்தம் மாறியிருக்கிறது என்பான். வேறு யார் காதுக்கும் ஒன்றும் மாறியிருக்காது. போய்ப் பார்த்தால் மாறித்தான் இருக்கும்.

பிறகு அவனுக்குத் தொலைதூர நகரம் ஒன்றில், பெரிய ஆலையில் வேலை கிடைத்தது. இரண்டு பேருமே போய்விடலாம் என்றான். அவள் யோசிக்க நேரம் கேட்டாள். எதற்குத்தான் கேட்கமாட்டாள், வெண்டைக்காய் வாங்கவே யோசிப்பவள். யோசித்து முடித்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

“யோசி, நல்லா யோசி. நானும் ஒரு முட்டையாப் பொறந்திருந்தா இவ்வளவு யோசிக்காம கூடவே வந்திருப்பே.”

“முட்டையாவது மூணு வாரத்துல உள்ள இருக்கறதை வெளிய காட்டும். நீங்க என்னைக்குக் காட்டியிருக்கீங்க?”

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் தனியாகப் போனான். பஸ் கிளம்பும்போது அவள் பார்த்துப் போங்க என்றாள். அவன் பூட்டை இழுத்துப் பாரு என்றான். அது அக்கறையா, குத்தலா என்று அவள் இன்றுவரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள்.

அதன்பிறகு போன் பேச்சு இருந்தது, பேச்சில்தான் ஒன்றும் இல்லை. சாப்பிட்டாச்சா, ஆச்சு, அங்க மழையா, இல்ல, சரி வச்சிடறேன். கொஞ்ச நாளில் யார் முதலில் கூப்பிடுவது என்பதில் வீம்பு வந்தது. காரணம் இல்லாமல் கூப்பிட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். வா என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, வருகிறேன் என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு ஊரில் கிடந்து துருப்பிடித்தன.

அவன் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் முதலாளியம்மா ஒரு பெட்டி வாங்கினார்.

கையகலப் பெட்டி. ஒரு பக்கம் டெலிபோன் கம்பி, மறுபக்கம் எந்திரங்களுக்குள் போகும் ஒயர்கள், ஒயரின் நுனியில் சூட்டை அளக்கும் சென்சார்கள். கரண்ட் போனாலும் பேசுவதற்காக உள்ளேயே ஒரு பாட்டரி. அதைச் சுவரில் மாட்ட வந்தவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தவர் போல அதன் குணநலன்களை அவர் விவரித்தார்.

சூடு மேல் எல்லையையோ கீழ் எல்லையையோ தாண்டினால் பெட்டி உடனே பதறாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். அப்போதும் சரியாகவில்லை என்றால் முதல் நம்பருக்குப் போன் போட்டு, பதிந்து வைத்த செய்தியைச் சொல்லும். கேட்டவர் ஒன்பதை அமுக்கினால், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அமுக்காவிட்டாலும் எடுக்காவிட்டாலும் இரண்டாவது நம்பர், பிறகு மூன்றாவது. எவ்வளவு சூடு எல்லை, எவ்வளவு நேரம் பொறுப்பது, யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது, இந்த நாலையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். நாமே அதற்குப் போன் போட்டாலும் அப்போதைய சூட்டைச் சொல்லும்.

“ஒருத்தர் ஒன்பதை அமுக்கிட்டா அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு இது வாயே தொறக்காது மேடம்” என்றார் பெட்டிக்காரர். “அதனால முதல் நம்பர்தான் முக்கியம். பாசம், மரியாதை எல்லாம் பார்க்காதீங்க. யாரு ஓடி வந்து இந்தக் கதவைத் தொட முடியும், அதை மட்டும் பாருங்க.”

முதலாளியம்மா தன் நம்பரைக் கடைசியில் போடச் சொன்னார். போன் அடித்தாலே தனக்கு நெஞ்சு படபடக்கிறது என்றார். முதலில் நிதானம், அடுத்து நாத்தனார் என்று முடிவாயிற்று. இரண்டு பேர் வீடும் அதே தெருக்கோடியில், கூப்பிடு தூரம்.

செய்தியையும் நிதானத்தின் குரலிலேயே பதிந்தார்கள். எந்த எந்திரம், என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும், மூன்றே விஷயம், சுருக்கமாக. அவள் மைக்குக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். “இரண்டாவது எந்திரத்தில் சூடு அதிகம். உடனே வரவும்.” போட்டுக் கேட்டாள், குரல் நடுங்கியது போல இருந்தது. அழித்துவிட்டு மறுபடி சொன்னாள். இப்போது கோபமாகக் கேட்டது. மறுபடியும் அழித்தாள். பெட்டிக்காரர் டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்று வரவும், வரவும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரை அண்ணி இப்படி அழைக்கறீங்க?” என்றாள் நாத்தனார், மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

எல்லோரும் போன பிறகு, எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க நிதானம் மட்டும் திரும்பி வந்தாள். அவள் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பெட்டியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டி நம்பர் வரிசைக்கு வந்தாள். முதல் இடத்தில் தன் நம்பர் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு முதல் இடத்தில் கணவனின் நம்பரைப் போட்டாள். நாத்தனார் மூன்றாவதாகப் போனாள்.

காரணங்களை அவள் வரிசையாக எடுத்துவைத்தாள். எந்திரத்தை அறிந்தவன் அவன். எந்த நேரமும் போனை எடுப்பவன். எடுத்த உடனே அவளைக் கூப்பிட்டு என்ன செய்வது என்று சொல்லிவிடுவான், ஆக ஒரு நிமிஷம்கூட வீணாகாது. நல்ல காரணங்கள்தான். உண்மையான காரணம் ஒன்று இருந்தால் இத்தனை தேவைப்பட்டிருக்காதே என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு டம்ளரில் வெந்நீர் எடுத்துவந்து இரண்டாவது எந்திரத்தின் சென்சாரை அதில் முக்கினாள். சோதித்துப் பார்க்க அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பெட்டிக்காரர் சொல்லியிருந்தார்.

பெட்டி பொறுத்துப் பார்த்தது. பிறகு டிக் டிக்கென்று நம்பர் போட்டது. அவள் டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். அது அடுத்த நம்பருக்குப் போகும் முன் சென்சாரை வெளியே எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது.

“என்ன ஆச்சு?” அவன் குரலில் மூச்சு வாங்கியது. “ஏதோ நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. எடுத்தா உன் குரல். உடனே வரவும்னு. என்னன்னு கேக்கறேன், நீ பாட்டுக்கு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றே.”

அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். ஒன்பதை அமுக்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

“என் நம்பரை எதுக்குப் போட்டே? நான் இருக்கற தூரத்துக்கு...”

“உங்களுக்குத்தானே மெஷின் தெரியும்.”

அந்தப் பக்கம் ஆலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவன், “சரி, இருக்கட்டும்” என்றான்.

அந்த இருக்கட்டும் அவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் நிஜ அலாரம் கரண்ட் போனபோது வந்தது. அவன் ஒன்பதை அமுக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டான். ஜெனரேட்டரின் எண்ணெயைப் பார்க்கச் சொன்னான். எண்ணெய்ப் பேச்சு முடிந்ததும் போனில் இருமல் கேட்டது; யாருக்கு என்று அவள் விசாரித்தாள். அவனுக்குத்தான். ஆலையில் குளிர்க்காற்று நேராக முதுகில் அடிக்கிறதாம். அவள் சட்டைக்குள் இன்னொரு பனியன் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அடுத்த அலாரம், யாரோ எந்திரக் கதவைச் சரியாகச் சாத்தாததால். அதில் அவனுடைய அறைக்கூட்டாளியின் குறட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டாள். ஆபத்து என்ற சாக்கு இருந்ததால் இரண்டு பேருக்கும் நாக்கு சுலபமாகப் புரண்டது. சாக்கு தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது.

பிறகு ஒரு மாதிரி எல்லா எந்திரமும் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அலாரமே வரவில்லை. முதலாளியம்மா வந்து பார்த்து, பெட்டி வந்த ராசி என்றார். நிதானத்துக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ காய்ந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் அவள் பெட்டியின் முன் நின்று, மேல் எல்லையைத் துளி இறக்கினாள். பொறுத்துப் பார்க்கும் நேரத்தையும் குறைத்தாள். ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பென்ன என்று கேட்டுக்கொண்டாள். தட்டு மாற்றக் கதவைத் திறந்து மூடினால், விட்ட சூட்டைப் பிடிக்க எந்திரம் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கும்; அதற்கே பெட்டி பதற ஆரம்பித்தது. அவன் கூப்பிடுவான். “கதவைத் தொறந்தியா?” “ஆமா.” “நினைச்சேன்.” அப்புறம் கொஞ்சம் மழை, கொஞ்சம் இருமல், கொஞ்சம் குறட்டை. சில நாள் தட்டு மாற்றும் வேலை இல்லாமலும் அவள் கதவைத் திறந்தாள்.

பழுது பார்க்க ஒருமுறை வந்த பெட்டிக்காரர் எல்லையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இவ்வளவு நெருக்கமா வைக்காதீங்க மேடம். புலி வருது கதையாயிடும்.” நிதானம் மாற்றிவிடுகிறேன் என்று மென்று விழுங்கினாள். மாற்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு விடுமுறைக்கு முந்தின நாள், நாத்தனார் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணி, உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொன்னாரா இல்லையா? அங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடறாங்களாம். செவ்வாய்க்கிழமை கையெழுத்தாம்.”

“சொல்லலையே.”

“ஏன் சொல்லலைன்னு கேட்டேன். அவ கேக்கலைங்கறாரு. ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வச்சு மெஷினுக்குள்ள தள்ளினாதான் சரிப்படும்.” துண்டில் கையைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “கையெழுத்துப் போட்டா போட்டதுதான் அண்ணி. நடுவுல விடமாட்டாங்க. வரச்சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க.”

அன்றைக்கெல்லாம் நிதானம் அதைச் சொல்லிப் பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டாம், வந்துவிடுங்கள். இரண்டே வாக்கியம். அவன் வந்துவிட்டு, பிறகு அங்கேயே இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டால்? அவனுக்கு அங்கே பிடித்துப்போயிருந்தால்? தான் போகாமல் அவனை வரச்சொல்வது என்ன நியாயம்? வாக்கியத்துக்குப் பின்னால் வாக்கியங்கள் வந்து நின்று அந்த இரண்டையும் மறைத்தன.

விடுமுறை நாள் மதியம் பொரிப்பகத்தில் ஆள் இல்லை. எந்திரங்களை ஒரு சுற்றுப் பார்த்து, பூட்டை இழுத்து, திரும்பி வந்து இழுத்து, வீட்டுக்கு வந்தாள். துவைக்க வேண்டியவை வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். முதன்முறையாக, எந்த எந்திரமும் சாக்குச் சொல்லாமல், அவன் நம்பரை அமுக்கினாள்.

லைன் பிஸியாக இருந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். பிஸி. மறுபடியும் பிஸி. விடுமுறை நாளில் யாரிடம் இவ்வளவு நேரம் பேசுகிறான்? தன்னிடம் பேசினால் மழையோடு முடிகிற பேச்சு, மற்றவர்களிடம் முடியவே முடியாதா? கண் கரித்தது. இதற்குத்தான் இத்தனை நாள் யோசித்தோம் போலிருக்கிறது என்று போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தபோது கீழே கதவை யாரோ இடித்தார்கள். எட்டிப் பார்த்தால் நாத்தனார். ஈரத்தலை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

“உங்க போனை என்ன கிணத்துலயா போட்டுட்டீங்க? ரெண்டாவது மெஷின் கொதிக்குதாம். அண்ணன் அங்கேர்ந்து கத்தறாரு, வாங்க.”

நிதானம் போர்வையை அப்படியே விட்டாள். போட்டது போட்டபடி ஓடினாள். எப்படிப் பூட்டைத் திறந்தாள் என்று தெரியாது. கூடத்தில் ஒரே ஒரு விசிறியின் சத்தம்தான் கேட்டது. அன்றைக்கு அதைக் கேட்க அவன் காது தேவைப்படவில்லை. இரண்டாவது எந்திரத்தின் விசிறி நின்றிருந்தது. அதைச் சுழற்றும் பெல்ட் அறுந்து கறுப்புப் பாம்பாகக் கீழே கிடந்தது. சூட்டுக்கம்பி மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. சுவரில் பெட்டி, பச்சை விளக்கோடு, அமைதியாக.

நாத்தனார் தன் போனை அவள் காதில் வைத்து அழுத்தினாள்.

“சூட்டை அணை” என்றான் அவன். “ரெண்டு கதவையும் தொற. டேபிள் ஃபேன் இருக்குல்ல, அதை நேரா வை. மேல் தட்டைத் தொட்டுச் சொல்லு.”

அவள் தொட்டாள். சொல்ல வாய் வரவில்லை.

“சரி” என்றான் அவன், அதிலேயே புரிந்துகொண்டு. “கீழ்த் தட்டு?”

“பரவாயில்ல.”

காற்று உள்ளே போகப் போக எந்திரம் மெல்ல ஆறியது. பிறகு அவன்தான் கேட்டான், அடக்கிவைத்த கோபத்தோடு. “அலாரம் வந்த உடனே கூப்பிட்டேன். அப்படி யார்கிட்ட பேசிட்டு இருந்தே?”

“நீங்க யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க? எத்தனை தடவை போட்டேன், பிஸி.”

“நான் உன்னைத்தான் போட்டுட்டு இருந்தேன்.”

“நானும் உங்களைத்தான்.”

போனிலிருந்து வந்த எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். “நல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுட்டே இருங்க. முட்டை வெந்ததும் உப்பு கொண்டு வரேன்.”

நடந்ததை அவன் சொல்லச் சொல்ல நிதானம் வரிசைப்படுத்திக்கொண்டாள். பெட்டி முதலில் அவனைக் கூப்பிட்டிருக்கிறது. வழக்கம்போலக் கதவைத் திறந்திருப்பாள் என்று நினைத்து ஒன்பதை அமுக்கியிருக்கிறான். பெட்டி அடங்கிவிட்டது, இரண்டாவது நம்பரான அவளைக் கூப்பிடவே இல்லை. அவன் அவளைக் கூப்பிட்டான், பிஸி. ஆள் எந்திரத்துக்குப் பக்கத்தில்தான் நின்று யாரிடமோ பேசுகிறாள் என்று முதலில் பதறவில்லை. பிறகு மணி அடித்தும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் பெட்டிக்கே போன் போட்டுச் சூட்டைக் கேட்டிருக்கிறான். அது சொன்ன எண்ணைக் கேட்டதும்தான் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறான். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள்.

“நீ எதுக்கு என்னைக் கூப்பிட்டே?” என்று கேட்டான் அவன் கடைசியில்.

திறந்த கதவுக்குள் முட்டைகள் வரிசை வரிசையாக அவளைப் பார்த்தன. “அப்புறம் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் கூடத்தை இருட்டாக்கி, முட்டைகளுக்குப் பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் படர்ந்து, நடுவில் ஒரு நிழல் அசையும். கீழ்த் தட்டுகளில் அசைந்தது. நடுத் தட்டுகளில் சிலது அசைந்தது, சிலது யோசித்தது. மேல் தட்டுகளில் எதுவுமே அசையவில்லை. நிதானம் ஒவ்வொரு முட்டையையும் இரண்டு தடவை பார்த்தாள். நாத்தனார் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. ஒதுக்கியவற்றை வாளியில் போட்டு வெளியே எடுத்துப் போனபோது, நிதானத்தின் நினைவில் வந்ததெல்லாம் துளி இறக்கிவைத்த அந்த எல்லை.

முதலாளியம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். பெல்ட் அறுந்ததை மட்டும் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். அவள் நம்பர் வரிசையையும் சொன்னாள், எல்லையை இறக்கியதையும் சொன்னாள். சொல்லும்போது தரையில் ஒட்டியிருந்த ஒரு இறகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா கணக்கு நோட்டைப் புரட்டினார். கோபத்தில் இருக்கிறாரா, கணக்குப் போடுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“உன் வீட்டுக்காரரை முதல்ல கூப்பிடணும்னா உன் போன்லேர்ந்து கூப்பிடும்மா” என்றார் பிறகு. “அதுக்கு எதுக்கு என் பெட்டி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் கூடத்துக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

மேல் எல்லையை, பெட்டிக்காரர் முதலில் வைத்த இடத்துக்கே ஏற்றினாள். பொறுக்கும் நேரத்தையும் பழையபடி வைத்தாள். நம்பர் வரிசைக்கு வந்தாள். அவனைக் கடைசியில் போடலாமா? முதலாளியம்மாவுக்கும் பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தது. யாருமே எடுக்காத நாளில் அவனுக்கு ஒரு போன் போகும். அப்படி ஒரு நாள் வரும் என்று அவள் காத்துக்கொண்டிருப்பாள். தன்னை அவளுக்குத் தெரியும். விரலை அழிக்கும் பொத்தானில் வைத்தாள். ஒவ்வொரு எண்ணாக அவன் நம்பர் பின்னாலிருந்து கரைந்தது. முழுதும் போன பிறகு அந்த வெற்று வரி மினுக்கிக்கொண்டிருந்தது. அதில் தன் நம்பரைப் போட்டாள். கீழே நாத்தனார், அதற்கும் கீழே முதலாளியம்மா.

டம்ளரில் வெந்நீர் எடுத்துவந்து சோதித்தாள். முதலில் அவள் போன் அடித்தது. இரண்டாவது நம்பருக்குப் போகிறதா என்று பார்க்க, எடுக்காமல் விட்டாள். தரம் பிரிக்கும் மேசையில் நாத்தனாரின் போன் அடித்தது.

“அண்ணி” என்று அங்கிருந்து குரல் வந்தது. “நீங்க என்னை உடனே வரச்சொல்றீங்க. குரல்ல என்ன ஒரு மரியாதை. எனக்கெல்லாம் இந்தக் குரல்ல பேசினதே இல்லையே.”

“ஒன்பதை அமுக்கு.”

“அமுக்கறேன், அமுக்கறேன். இதைக் கேட்டுட்டு எங்கண்ணன் எப்படித்தான் அங்கயே உட்கார்ந்திருந்தாரோ.”

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, நிதானம் கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். வாசல் படியில் உட்கார்ந்தாள். சாலையில் வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன. உள்ளே இரண்டு விசிறிகளும் ஓடும் சத்தம், கதவு வழியாகக்கூடக் கேட்டது. விடிந்தால் செவ்வாய்க்கிழமை. அவள் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்தால் அதிலேயே ராத்திரி ஆகிவிடும். போனைப் போட்டாள்.

ஒரே மணியில் எடுத்தான்.

“எந்த மெஷின்?”

“எந்த மெஷினும் இல்ல. ரெண்டும் நல்லா ஓடுது.”

“அப்புறம் என்ன?”

“உங்க நம்பரை எடுத்துட்டேன். பெட்டியிலேர்ந்து.”

அந்தப் பக்கம் ஆலை இரைச்சல் இல்லை. அறையில் இருக்கிறான் போல. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நல்லதுதான்” என்றான். “நானே சொல்லணும்னு இருந்தேன். இந்தத் தூரத்துல இருந்துக்கிட்டு நான் அமுக்கறது தப்பு.” கொஞ்சம் நிறுத்தினான். “ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. அது மூணு தடவை சொல்லும். முதல் தடவையிலயே அமுக்கிடலாம். நான் மூணையும் கேட்டுட்டுதான் அமுக்குவேன். நேத்தும் அப்படித்தான்.”

அவள் சிரிக்கவில்லை. படியின் ஓரத்தில் பெயர்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினாள்.

“இனிமே யாரு என்னைக் கூப்பிடப் போறாங்க?” என்றான் அவன், விளையாட்டாகச் சொல்ல முயன்று.

“நான் கூப்பிடறேன்.”

“எதுக்கு?”

“சும்மா.”

பிறகு அவள் கேட்டாள்.

“நாளைக்குக் கையெழுத்தா?”

“உனக்கு யாரு... சரி, வேற யாரு, அவதான். ஆமா. காலையில.”

“போடாதீங்க.”

அவள் மனதுக்குள் வழக்கமான வாக்கியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன: நொந்துகொண்டால், அங்கே பிடித்திருந்தால், என்ன நியாயம். அவற்றுக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள். பெட்டியில் எத்தனையோ முறை அழித்து அழித்துச் சரிசெய்த அதே குரல் இப்போது ஆரம்பத்திலேயே உடைந்தது. அழிக்க வழியில்லை.

“வந்துடுங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல. இங்க வேலை வேண்டாம்னா சொல்லுங்க, நான் அங்க வரேன், யோசிக்கல்லாம் மாட்டேன். ஆனா இப்ப ஒரு தடவை வந்துடுங்க.”

குழாய் சொட்டும் சத்தம் நின்றிருந்தது. அவன் எழுந்து போய் மூடியிருக்க வேண்டும், நன்றாகக் கேட்பதற்காக.

“இன்னொரு தடவை சொல்லு” என்றான்.

“மூணு தடவையெல்லாம் சொல்லமாட்டேன்.”

அவன் சிரித்தான். இருமலும் சேர்ந்து வந்தது. பனியன் போட்டுக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது.

“முதல் பஸ் எப்போன்னு பார்க்கறேன்” என்றான். “போனை வச்சிடாதே. பார்க்கற வரைக்கும் அப்படியே இரு.”

அவள் அப்படியே இருந்தாள். அந்தப் பக்கம் ஒரு துணிப்பெட்டியை இழுக்கும் சத்தமும் அறைக்கூட்டாளியிடம் ஏதோ கேட்கும் சத்தமும் வந்தன. பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. எழுந்தால் சிக்னல் போய்விடுமோ என்று உட்கார்ந்தே இருந்தாள்.